யாகோப்பின் பெட்டிக்கு மூடி

எமில் ப்ளோகர் புறாச் சங்கத்துக்குத் தரவேண்டிய பாக்கி முப்பத்தொரு மார்க் அறுபது பென்னிக். நாலு வருஷமாகச் சேர்ந்தது. கட்டாத சந்தா, புறாக்கூடைகளை ரயிலில் ஏற்றிய கூலி, இரண்டு மூட்டைத் தீனிப்பட்டாணி, பெண்டாட்டிக்குப் பல் பிடுங்க வாங்கிய கைமாற்று. சங்கத்தின் காசு ஒரு பழைய கோக்கோ டப்பாவில் இருந்தது. டப்பா அன்டோன் வீட்சோரெக்கின் கட்டிலுக்கடியில் இருந்தது. படுத்தால் முதுகுக்குக் கீழே அந்த டப்பாவின் காலி இடம் உறுத்துவதாக அன்டோன் சொல்வான். கட்டில் சட்டம்தான் உறுத்துகிறது என்பாள் அவன் பெண்டாட்டி ஹெட்விக்.

அது சாவுக் காசு. சங்கத்து ஆள் யார் செத்தாலும் பெட்டி சங்கத்துப் பொறுப்பு. அடுத்து யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, சம்பந்தப்பட்ட யாகோப் நிக்கெல் உட்பட. சுரங்கத்தில் காலமெல்லாம் தின்ற கரித்தூளை இப்போது தவணை முறையில் துப்பிக்கொண்டிருந்தார். தச்சன் பைன் மரப்பெட்டிக்குத் தொண்ணூறு மார்க் சொல்லியிருந்தான். டப்பாவில் ஐம்பத்தெட்டு மார்க் நாற்பது இருந்தது. மிச்சம் எமிலிடம் இருந்தது. எமிலிடம் இல்லாததால் எங்கேயும் இல்லை.

"எமிலு, என் மூடி எப்பப்பா வரும்?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாகோப் கேட்பார். "அடிப்பலகை, நாலு பக்கமும் ஆயிருச்சு. மூடி மட்டும் உன் கையில இருக்கு. மழைக்காலத்துல போனேன்னா நனைஞ்சிருவேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். எமில் அடுப்போரத்தில் தலையைக் குனிந்துகொள்வான். யாகோப் சிரித்தாலும் அவருக்கு அது விளையாட்டில்லை என்று அன்டோனுக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால், ரொட்டி வாங்கத் தள்ளுவண்டியில் பணம் கொண்டுபோன காலத்தில், இதே டப்பாவில் நானூறு கோடி மார்க் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தச்சன் ஒரு ஆணிகூடத் தரவில்லை. யாகோப் வாலிபத்திலிருந்து கட்டிய பெட்டி ஒரே இலையுதிர் காலத்தில் காற்றோடு போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து கட்டினார். "ரெண்டாந்தடவ ஏமாத்திராதீங்கடா" என்று ஒருநாள் அன்டோனின் சட்டையைப் பிடித்துச் சொன்னார். அன்டோன் சத்தியம் செய்து கொடுத்தான். பிள்ளை குட்டி இல்லாத கிழவர், சாக்கில் சுற்றிப் போட்டுவிடுவார்கள் என்று பயம்.

அந்த வசந்தத்தில் நகரத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. பெர்லினில் ஆட்சி மாறி மூன்று மாதம் ஆகியிருந்தது. பாட்டுச் சங்கம், ஆடு வளர்ப்போர் சங்கம், புறாச் சங்கம் எதுவானாலும் இனிமேல் ஓட்டுப்போடுவது கிடையாது. ஒரு தலைவன் இருப்பான், அவன் சொல்வான், மற்றவர்கள் கேட்பார்கள். சனிக்கிழமைக்குள் பெயரை அனுப்பாத சங்கம் மூடப்படும். புறாக்கள் பறிமுதல்.

கோனியின் மதுக்கடைப் பின்னறையில் பத்தொன்பது பேரும் கூடினார்கள். சுரங்கம் மூடியதிலிருந்து அதில் பதினாலு பேருக்கு வேலையில்லை. ஆனால் கூட்டத்துக்கு எல்லோரும் கழுத்துப்பட்டி கட்டி வருவார்கள். சங்கத்தில் எதுவானாலும் ஓட்டுத்தான். யாகோப்பின் தோல் தொப்பி சுற்றி வரும். சரியென்றால் மஞ்சள் பட்டாணி, வேண்டாமென்றால் கறுப்புப் பயறு. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒன்பதுக்கு ஒன்பது வந்ததால் ஜன்னல் பாதி திறந்தே கிடந்தது, பாதிப் பேருக்குச் சளி பிடித்தது.

"நம்மள ஒருத்தன் ஆளுறதா?" என்றான் குஸ்டாவ் ப்ரிங்க்மான். சுரங்கத்தில் கொல்லனாக இருந்தவன். "நம்ம பெண்டாட்டியே நம்மள ஒழுங்கா ஆள முடியல."

"பேருக்குத்தானப்பா" என்றான் அன்டோன். "யாராவது ஒருத்தன் பேர எழுதி அனுப்பிருவோம். வாயில்லாத ஆளாப் பாத்து வெச்சிட்டா நம்ம பாட்டுக்கு நாம இருக்கலாம்."

"இதுல வாயில்லாதவன் எவன் இருக்கான்?"

சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் அடுப்போரம் திரும்பினார்கள். பாக்கி வைத்தவன் கூட்டத்துக்கு வரலாம், பேசக்கூடாது, தொப்பியில் கைவிடக்கூடாது என்பது சங்க விதி. நாலு வருஷத்தில் எமில் அந்த அறையில் பேசிய ஒரே வார்த்தை "கதவச் சாத்துங்க". அது அவன் குணமா, விதியா என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. அன்டோன்கூட யோசிக்கவில்லை.

"எமிலா? அவன் புறாவே அவன் பேச்சக் கேக்காதே" என்றார் யாகோப்.

உண்மைதான். எமிலிடம் லோட்டே என்று ஒரு பேடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் தூரத்து ஊரில் கொண்டுபோய் விட்டால் வீடு திரும்பச் செவ்வாய்க்கிழமை ஆகும். ஒரு தடவை அது பால் வண்டியில் உட்கார்ந்து வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

"அதனாலதான் சொல்றேன்" என்றான் அன்டோன். "அவன் நமக்குக் கடன்பட்டவன். கடன்பட்டவன் நம்ம முன்னாடி கொரலு உசத்துவானா? நாம ஒரு வார்த்த கேட்டாப் போதும், அடங்கிருவான்."

அதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. அன்டோனின் முதுகில் தட்டினார்கள். தொப்பி கடைசியாக ஒரு சுற்று வந்தது. யாகோப் அதை மேசையில் கவிழ்த்து எண்ணினார்.

"பதினெட்டும் மஞ்சள். கறுப்பே இல்லாம இந்தத் தொப்பிய நான் பாத்ததில்லய்யா. நாளைக்கி விடியுமான்னு ஓட்டு வெச்சாக்கூட குஸ்டாவு கறுப்புல்ல போடுவான்."

எமில் எழுந்து நின்றான். "நான் பேசலாமா?" என்றான். பேசு பேசு என்று கத்தினார்கள். அறையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு யாகோப் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினான். அந்த அறையில் கைவைத்த நாற்காலி அது ஒன்றுதான்.

"அதுல நான் உக்காரணும்னு நெனைக்கிறேன்."

அறை குலுங்கச் சிரித்தார்கள். யாகோப்பும் சிரித்துக்கொண்டே எழுந்து இடம் கொடுத்தார். அவருக்கு ஒரு முக்காலி கிடைத்தது.

நடந்ததை அன்டோன் வீட்டில் சொன்னபோது ஹெட்விக் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல் கேட்டாள். "பதினெட்டு ஆம்பளைங்க சேந்து, கடனத் திருப்பித் தராதவன் கையில சங்கத்தக் குடுத்திருக்கீங்க. இதக் கண்டுபிடிச்ச புத்திசாலி யாரு?"

அன்டோன் ஒரு கை பட்டாணி அள்ளிப் புறாவுக்குப் போடப் போய்விட்டான்.

முதல் இரண்டு வாரம் எமில் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தான். மூன்றாவது வாரம் எங்கிருந்தோ ஒரு தொப்பி வாங்கி வந்தான், தபால்காரன் தொப்பி மாதிரி, ஆனால் முன்னால் பட்டை வைத்தது. நாலாவது வாரம் அவன் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்றான். முதலில் விளையாட்டுக்கு எழுந்தார்கள். விளையாட்டுக்கு எழுவதும் உண்மையாக எழுவதும் முழங்காலுக்கு ஒன்றுதான்.

அன்டோன் பாக்கியைக் கேட்டான். ஒரு வார்த்தை கேட்டால் அடங்கிவிடுவான் என்று சொன்னவன் அவன்தானே.

"எமிலு, அந்த முப்பத்தொண்ணு அறுபது..."

"யாருக்குத் தரணும்?" என்றான் எமில், நிதானமாக.

"சங்கத்துக்கு."

"சங்கம்னா யாரு?"

"நாமதான்."

"அது பழசு. உத்தரவ நீ சரியாப் படிக்கல. சங்கம்னா இப்பத் தலைவன். நான் எனக்குத்தான் தரணும். எனக்கு நான் தவணை குடுத்திருக்கேன்."

இதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அன்டோனுக்குத் தெரிந்தது. வீடு போய்ச் சேரும்வரை தேடினான், அகப்படவில்லை.

அடுத்தது கடிகாரம். மற்ற ஊர்ச் சங்கங்களில் ஆளுக்கொரு போட்டிக் கடிகாரம் உண்டு. இவர்களுக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. புறா கூட்டுக்கு வந்து இறங்கியதும் காலிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றி, ஓடிப்போய் அந்தக் கடிகாரத்துக்குள் போட்டு அமுக்க வேண்டும். எப்போது அமுக்கினோமோ அதுதான் புறா வந்த நேரம். அதனால்தான் அதைக் கோனி கடையில் வைத்திருந்தார்கள். குடியிருப்பின் நட்டநடுவில் இருந்தது அந்தக் கடை. எமில் அதைப் பாதுகாப்புக்காகத் தன் வீட்டு மாடத்தறைக்கு, தன் புறாக்கூட்டுக்குப் பக்கத்தில் மாற்றினான்.

அன்றிலிருந்து லோட்டே வீராங்கனை ஆகிவிட்டாள். அவள் எப்போது வந்தாலும் எமில் கையை நீட்டினால் கடிகாரம், முள்ளும் அவன் சொன்னபடி. மற்றவர்கள் தெருவெல்லாம் ஓடி, எமில் வீட்டு வாசலில் பூட்ஸ் கழற்றி நிற்க வேண்டும். படிக்கட்டைக் கழுவியிருப்பதாக எமிலின் பெண்டாட்டி சொல்வாள். எப்போதும் கழுவித்தான் இருப்பாள். பூட்ஸ் கயிற்றின் முடிச்சு அவிழும் நேரத்தில் ஒரு பந்தயம் போய்விடும். அன்டோனின் நீலக்காரி அந்த வட்டாரத்திலேயே வேகமான பேடை. அது தொடர்ந்து மூன்று போட்டிகளில் அன்டோனின் காலுறை ஓட்டையோடு நாலாம் இடம் வந்தது.

"பெர்லின்ல பெரிய மனுசங்க போட்ட கணக்கையே நாமளும் போட்டுட்டோம்" என்றான் குஸ்டாவ், பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பும்போது. "அடக்கி வெச்சுக்கலாம்னுதான் அவங்களும் ஒருத்தன ஒக்கார வெச்சாங்க. அவங்க குதிர வெச்சிருக்காங்க, நாம புறா வெச்சிருக்கோம். வேற வித்தியாசம் இல்ல."

ஆனால் முழுக்கப் பொய் சொல்லக்கூடாது. பிடித்தும் இருந்தது. புறாக்கூடைகளை ரயிலடிக்குக் கொண்டுபோகும்போது வரிசையில், ஒரே தப்படியில் நடக்க வேண்டும் என்று எமில் சொன்னான். முதல் நாள் கூச்சமாக இருந்தது. அப்புறம் ஜன்னல்களில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாக உதவிப்பண வரிசையைத் தவிர யாரும் அவர்களை எங்கேயும் வந்து நிற்கச் சொன்னதில்லை. இங்கே ஒருத்தன் நில் என்கிறான், நட என்கிறான், வலதுகால் என்கிறான். அன்டோனுக்கே முதுகு நிமிர்ந்தது. இலையுதிர் காலத்தில் எல்லோருக்கும் வேலை வரும், நகரத்தில் பேசியிருக்கிறேன் என்று எமில் சொன்னபோது, அவனுக்கு நகரத்தில் யாரையும் தெரியாது என்பது தெரிந்திருந்தும், நாலைந்து பேர் அன்றைக்குக் கூடுதலாக ஒரு பீர் வாங்கினார்கள்.

குஸ்டாவ் மட்டும் ஒருநாள் கூட்டத்தில் எழுந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புப் பயறை எடுத்து எமில் முன்னால் மேசைமேல் வைத்தான். எமில் பயறைப் பார்த்துவிட்டு, "தீனிய வீணாக்கக்கூடாது" என்று எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் குஸ்டாவைக் கூட்டிப் போனார்கள். அடுத்த வாரம் திரும்பி வந்தான். முன்பல் இரண்டு இல்லை. மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்றான். அன்டோன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அந்தக் குடியிருப்பில் எமில் வீட்டைத் தவிர எந்த வீட்டிலும் மாடிப்படி கிடையாது. அந்த வாரம் முழுக்கக் குஸ்டாவ் வீட்டிலிருந்து புறாச் சூப் மணம் வந்தது. சங்கம் பதினெட்டுப் பேர் ஆயிற்று.

அதன் பிறகு யாரும் எழுந்து நிற்பதை விளையாட்டு என்று சொல்லவில்லை.

கோடையின் கடைசியில் யாகோப் படுத்துவிட்டார். ஹெட்விக் பார்லிக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "ரொம்ப நாள் தாங்காது" என்றாள். "மூடியக் கேட்டாரு. நான் என்ன சொல்லட்டும்?"

அன்டோன் நேரே போய் எமில் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றினான். முடிச்சு அவிழவே இல்லை. தன் முன்பற்களை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு மேலே ஏறினான். மாடத்தறையில் கடிகாரம் பூவேலைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. எமில் லோட்டேயை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். அது இன்னும் பெருத்திருந்தது.

"யாகோப்பு போயிட்டு இருக்காரு" என்றான் அன்டோன். "பெட்டிக்கு முப்பத்தொண்ணு அறுபது கொறையுது. நான் கொறை சொல்ல வரல. பெட்டிய மட்டும் சொல்றேன்."

எமில் கோபப்படவில்லை. அது அன்டோனை இன்னும் பயமுறுத்தியது.

"நீ இன்னும் பழைய கணக்குலயே இருக்க, அன்டோனு" என்றான், கிட்டத்தட்ட அன்பாக. "என்னையக் கேக்கவே பயந்து வந்திருக்கல்ல? நாலு வருசம் நான் அந்த அடுப்போரத்துல எப்பிடி உக்காந்திருந்தேன்னு நெனைக்கிற? ஒவ்வொரு கூட்டத்துலயும் மூடி, மூடின்னு. நீங்க பதினெட்டு பேரும் சிரிச்சீங்க. ஞாயித்துக்கிழம எல்லாரும் வரட்டும். யாகோப்பும் வரட்டும். தீத்து வெக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறாக்களைத் தூரத்து ஊரான ஃபுல்டாவில் விட்டிருந்தார்கள். பிற்பகலுக்குள் வந்துவிடும். யாகோப்பைக் கூடை வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்து அன்டோன் தள்ளிக்கொண்டு போனான். பின்னறையில் அவரை முக்காலியில் உட்காரவைத்து, சரியாமல் இருக்கத் தன் தொடையை முட்டுக்கொடுத்து நின்றான். எமில் வந்தான். எல்லோரும் எழுந்தார்கள். யாகோப் எழ முயன்றார். அன்டோன் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

"சங்கத்துல ஒரு பாக்கி இருக்கு" என்று எமில் தொடங்கினான். "பழைய காலத்துப் பாக்கி. ஒருத்தன் தலையில கடன், மத்தவன் வாயில சிரிப்பு. அந்தக் காலம் போச்சு. இனிமே இந்தச் சங்கத்துல எவனுக்கும் தனிக் கடன் கெடையாது. எல்லார் கடனும் எல்லார் கடன்."

நல்ல பேச்சாகத்தான் இருந்தது. ஒன்றிரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"என்னைத் தவிர பதினேழு பேரு. ஆளுக்கு ஒரு மார்க் எண்பத்தஞ்சு. மொத்தம் முப்பத்தொண்ணு நாப்பத்தஞ்சு. இப்பவே வெச்சிரணும்."

ஒரு மார்க் எண்பத்தைந்து ஒரு வீட்டின் நாலு நாள் ரொட்டி. எமில் காத்திருந்தான். அவன் கை சட்டைப்பைக்குள் போய் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. அது அந்தக் கறுப்புப் பயறாக இருக்கும் என்று அன்டோனுக்குத் தோன்றியது. எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும். முதல் ஆள் எழுந்து போய் மேசையில் வைத்தான். அப்புறம் அடுத்தவன். இல்லாதவர்கள் கோனியிடம் கைமாற்று வாங்கி வைத்தார்கள். அன்டோன் வீட்டு வாடகைக்காகக் காலுறைக்குள் வைத்திருந்ததை எடுத்தான்.

யாகோப் கைக்குட்டை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். "என் மூடிக்கு நானே குடுக்கணுமா?" என்றார் மூச்சு வாங்க.

"எல்லாரும்னா எல்லாருந்தான்" என்றான் எமில்.

"சரி, குடுக்கறேன். ஆனா அப்புறம் மூடி என்னோடது. நாளைக்கி வந்து அதுல பதினேழுல ஒரு பங்கு கேக்கக்கூடாது."

யாரோ சிரிக்கத் தொடங்கி, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். யாகோப் எண்ணி வைத்தார்.

"இன்னும் பதினஞ்சு பென்னிக் கொறையுது" என்றான் எமில், குரலைச் சற்றே உயர்த்தி. "அத யாருகிட்டயும் கேக்க மாட்டேன். அது என் கைக்காசு."

கைதட்டினார்கள். அன்டோன் கொண்டுவந்திருந்த டப்பாவில் மேசைக்காசை அள்ளிப் போட்டு, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினான். எமில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பையில் துழாவினான். இந்தப் பையில் பார்த்தான், அந்தப் பையில் பார்த்தான். ஒரு பத்துப் பென்னிக் காசு அகப்பட்டது.

"அன்டோனு, ஒரு அஞ்சு இருக்கா?" என்றான் மெதுவாக.

அன்டோன் கொடுத்தான். எமில் இரண்டு காசையும் எல்லோரும் பார்க்க டப்பாவில் போட்டான். "சத்தமாச் சொல்லு" என்றான்.

"எமில் ப்ளோகர் பாக்கி, இல்லை" என்றான் அன்டோன். அந்த அறையில் அவன் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுவே முதல் தடவை.

திரும்பும்போது வண்டிச் சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது. யாகோப் வைக்கோல்மேல் மல்லாந்து, டப்பாவை வயிற்றில் வைத்து இரண்டு கையாலும் பொத்தியிருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்க்க அன்டோனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எங்காவது போய் வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலவும் இருந்தது.

"வந்துருச்சுடா" என்றார் யாகோப். படுத்திருந்ததால் வானம் அவருக்குத்தான் முதலில் தெரிந்தது.

கரிமேட்டுக்கு மேலே ஒரு புள்ளி. அது சுற்றாமல், தயங்காமல், கல் விழுவதுபோல இறங்கியது. நீலக்காரி. மற்ற எந்தப் புறாவும் வானத்தில் இல்லை. அன்டோனின் வீட்டுக்கூரையில் கூட்டின் முன்பலகையில் வந்து உட்கார்ந்தது. அன்டோன் வண்டியை நிறுத்தினான். ஓடினால் முதல் பரிசு. வளையத்தைக் கழற்றி, தெருவைக் கடந்து, எமில் வீட்டு வாசலில் குனிந்து பூட்ஸ் முடிச்சை அவிழ்த்து.

"ஓடலியா?" என்றார் யாகோப்.

"வந்துருச்சுல்ல" என்றான் அன்டோன்.

மறுபடி வண்டியைத் தள்ளினான். நீலக்காரி பலகையில் இப்படியும் அப்படியும் நடந்தது. தலையைச் சாய்த்துத் தெருவைப் பார்த்தது. பிறகு ரப்பர் வளையம் போட்ட காலை மெல்லத் தூக்கி, யாரோ வந்து கழற்றுவார்கள் என்பதுபோல, ஒற்றைக் காலில் நின்றது.